மலையடிவாரத்து மாப்பிள்ளைகள்

ஞாயிற்றுக்கிழமை ஆம்பூரில் நல்ல ஆட்டுக்கறி வேண்டுமென்றால் பொழுது விடிவதற்குள் கடை வாசலில் நிற்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் தொடைக்கறியெல்லாம் பிரியாணிக் கடைக்காரர்களோடு போய்விடும். நமக்கு எலும்பும் கொழுப்பும்தான் மிஞ்சும். கல்யாணமான ஓர் ஆணின் ஞாயிற்றுக்கிழமை எப்படித் தொடங்குகிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். முதலில் கறி. அப்புறம் மாவு அரைப்பது. அப்புறம் ஒட்டடை, மகளின் பள்ளிக்கூட ப்ராஜெக்ட், சாயங்காலம் மாமியார் வீடு. வாரத்தில் ஒருநாள் ஓய்வு என்று சட்டம் போட்ட புண்ணியவானுக்குக் கல்யாணம் ஆகியிருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

என் பெயர் கார்முகிலன். ஒரு ஷூ கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் சூப்பர்வைசர். தைத்து முடித்த ஷூவை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, குறை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்குவது என் வேலை. எந்தத் தோலிலும் ஏதோ ஒரு குறை இருக்கத்தான் செய்யும். மாடு முள்ளில் உரசியிருக்கும், உண்ணி கடித்திருக்கும். தேடினால் கிடைக்காத குறை கிடையாது. என் மச்சினி தீபலட்சுமியின் கல்யாண விஷயத்தில் நான் செய்ததைப் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள் என்பதால், நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுவது நல்லது என்று நினைக்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே முடிவு பண்ணுங்கள்.

எனக்குக் குடிப் பழக்கம் இல்லை. சீட்டு இல்லை, சிகரெட் இல்லை. இருப்பது ஒரு மலைச் சைக்கிள். தடித்த டயர், முன்னால் ஸ்பிரிங் வைத்த ஃபோர்க், கல்லிலும் வேரிலும் குதித்து இறங்குவதற்கென்றே செய்த வண்டி. தவ்ஃபீக் என்று எனக்கு ஒரு தோஸ்த். தோல் தொழிற்சாலையில் ஃபினிஷிங் பிரிவில் இருக்கிறான். அவன்தான் என்னை முதலில் நாயக்கனேரி மலைக்குக் கூட்டிப்போனான். ஏறும்போது உயிர் போனது. இறங்கும்போது திரும்பி வந்தது, முன்னைவிட நன்றாக. அந்த ஒற்றையடிப் பாதையில் இறங்கும் நேரத்தில் எனக்கு டார்கெட் கிடையாது, மேனேஜர் கிடையாது, கேஸ் சிலிண்டர் தீர்ந்துபோன கவலை கிடையாது. நாற்பதை நெருங்கும் ஒருவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஓட்டிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். எனக்கு அது இல்லாமல் முடியாது என்று ஆகிவிட்டது.

குடும்பத்தையும் மலையையும் சேர்த்து ஓட்டுவது தவ்ஃபீக்குக்கு ஒரு சிக்கலே இல்லை. சனிக்கிழமையே வீட்டு வேலையை முடித்துவிட்டு, மனைவி வஹீதாவிடம் சொல்லிவிட்டு வருவான். ஒன்பது மணிக்கு வந்துவிடுகிறேன் என்று சொன்னால் ஒன்பது மணிக்கு வீட்டில் இருப்பான். அதற்காகப் பாதி மலையில் திரும்பவும் தயங்க மாட்டான். ரசனை இல்லாத ஆள் என்று நான் மனதுக்குள் நினைத்துக்கொள்வேன்.

நானும் முயற்சி செய்யாமல் இல்லை. ஒருமுறை இருட்டோடு போய்க் கறியை வாங்கி, பையை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டே மலை ஏறினேன். கறியும் ஆயிற்று, மலையும் ஆயிற்று என்று எனக்குப் பெருமையாக இருந்தது. உச்சி வெயிலில் வீடு வந்து சேர்ந்தேன். என் மனைவி அமுதவல்லி பையைப் பிரித்தாள், மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“இன்னாங்க இது? கறியக்கூட மலைக்கு இட்டுனு போவீங்களா?”

அன்றைக்கு எங்கள் தெரு நாய்களுக்கு விருந்து. எங்களுக்கு ரசம். அமுதா ஒரு பரிசோதனைக் கூடத்தில் லேப் டெக்னீஷியன்; அவளுக்கும் ஞாயிறு ஒன்றுதான் லீவு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவளுக்கு மலையில் வேலை இல்லையே. இரண்டு பேருக்கும் ஒரே நாள் லீவு என்றால், வெளியே வேலை இருப்பவர் வெளியே போவதும் வீட்டில் வேலை இருப்பவர் வீட்டில் இருப்பதும்தானே நியாயம்? இதை அவளிடம் நிதானமாக எடுத்துச் சொன்னேன். அவளும் நிதானமாகத்தான் பதில் சொன்னாள்.

“பொங்கலுக்குள்ள அந்தச் சைக்கிள வித்துடுங்க. இல்ல, நானே எடைக்குப் போட்டுடுவேன்.”

அமுதா சொன்னால் செய்வாள். அவள் கல்லூரியில் படிக்கும்போது அவளுடைய அப்பாவின் வெற்றிலைப் பெட்டியைக் கிணற்றில் போட்டவள். நான் சைக்கிளைத் துடைத்துவிட்டு அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்பார்கள். எனக்கு அது மாமனார் உருவத்தில் வந்தது. செங்கல்வராயன் மாமா குடியாத்தத்தில் விசைத்தறி வைத்து லுங்கி நெய்கிறவர். இளைய மகள் தீபாவுக்கு வரன் பார்க்க ஆரம்பித்திருந்தார்.

“மாப்ள, ஆலங்காயத்துல ஒரு எடம் வந்துருக்குது. பையன் வாத்தியாரு. நீங்கதான் நாலு எடம் போய் வர்றவரு. ஒரு வார்த்த விசாரிச்சிட்டு வந்து சொல்லுங்களேன்.”

எங்கள் பக்கம் மூத்த மாப்பிள்ளைக்கென்று சில கடமைகள் உண்டு. மச்சினிக்கு வரன் வந்தால் போய் விசாரித்து வருவது அதில் முக்கியமானது. ஜாதகம் இப்போது வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. போட்டோ, படிப்பு, சம்பளம் எல்லாம் வந்துவிடுகிறது. ஆனால் பையன் எப்படிப்பட்டவன் என்பதை மட்டும் ஆள் நேரில் போய்த்தான் கேட்டு வர வேண்டும். அவன் தெருமுனை டீக்கடை, அவன் முடிவெட்டிக்கொள்ளும் கடை, எதிர்வீட்டு அம்மா. எதற்கு வந்திருக்கிறோம் என்று சொல்லாமல் கேட்க வேண்டும். எதற்கு வந்திருக்கிறோம் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கும். கேட்டு வந்தவன் வாயிலிருந்து என்ன வருகிறதோ, அதுதான் தீர்ப்பு.

ஆலங்காயம் ஜவ்வாது மலையின் அடிவாரம். சைக்கிளிலேயே போய் வருகிறேன் என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அமுதா புளிச்சோறு கட்டிக் கொடுத்து, ஹேண்டில்பாருக்குக் குங்குமம் வைத்து அனுப்பினாள். கறிக்கு அவளே போனாள். விசாரணை ஒரு டீ குடிக்கும் நேரத்தில் முடிந்துவிட்டது. மிச்ச நாளெல்லாம் காவலூர்ப் பக்கம் மேலே ஏறி, சாமைக் கொல்லைகளுக்கு நடுவில் ஓடும் பாதையில் இறங்கினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் ஓட்டியது இல்லை. வீட்டில் யாரும் கோபமாக இல்லை என்ற நினைப்பு டயருக்குக் காற்று அடித்த மாதிரி இருந்தது.

பையன் தங்கம் என்று உள்ளதை உள்ளபடி வந்து சொன்னேன். ஜாதகத்தில் ஏதோ ஒரு பொருத்தம் இடித்து, அது தானாகவே நின்றுபோனது. அதில் என் கை கிடையாது. இதைத் தனியாகச் சொல்லக் காரணம், இப்போது எல்லாவற்றையும் மொத்தமாக என் தலையில் கட்டுகிறார்கள்.

அடுத்தது ஒடுகத்தூர்ப் பையன். மருந்துக் கடை வைத்திருந்தான். தெருவே அவனைப் புகழ்ந்தது. எதிர்வீட்டு அம்மா தனக்கு ஒரு பெண் இருந்தால் தானே கொடுத்திருப்பேன் என்றார். நான் மலை மேல் ஒரு பாறையில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டுக்கொண்டே யோசித்தேன். இவனையும் தங்கம் என்றால் தை மாதம் கல்யாணம். தைக்குப் பிறகு? எனக்கு வேறு மச்சினி இல்லை.

குடியாத்தத்தில் எல்லாரும் கூடத்தில் காத்திருந்தார்கள். “பையன் நல்ல பையன்தான்…” என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். ஆனால் என்ற வார்த்தையை நான் சொல்லவே இல்லை. தண்ணீர்ச் சொம்பை எடுத்து மெதுவாகக் குடித்தேன், அவ்வளவுதான். மாமியார் தனபாக்கியத்தின் முகம் மாறியது.

“இன்னா மாப்ள, இழுக்கிறீங்க?”

“ஒண்ணுமில்ல அத்த. நம்ம பொண்ணுக்கு இன்னா கொறச்சல்? வேற பாக்கலாம்.”

வேறு பார்த்தார்கள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஒரு கல்யாணத்தைப் பண்ண ஆயிரம் பொய் தகும் என்றால், நிறுத்துவதற்கு ஒரு பொய்கூடத் தேவைப்படாதது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு ஒழுங்கு பிடிபட்டுவிட்டது. தரகர் சுந்தரமூர்த்தியைத் தனியாகப் பார்த்து, தீபாவின் ஜாதகத்துக்கு மலை பார்த்த ஊர்தான் அமோகமாக இருக்கும் என்று ஒரு பெரிய ஜோசியர் சொன்னதாகச் சொல்லிவைத்தேன். அவரும் நாணயமான மனிதர். தேடித் தேடி மலையடிவாரமாகக் கொண்டுவந்தார். அமிர்திப் பையன் அருமையான இடம், நிழல் பாதை, மழைக்குப் பிறகு கொஞ்சம் வழுக்கும். ஏலகிரிப் பையன் சுமார்தான், முழுக்கத் தார் ரோடு, வளைவுக்கு வளைவு சுற்றுலா வண்டி. பீஞ்சமந்தை மலைக்குப் போகும் வழியில் இருந்த பையனைத் திரும்பத் திரும்ப விசாரித்தேன். அந்த இறக்கத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை.

ஒவ்வொருவரிடமும் ஒட்டுவதற்கு ஒரு சின்ன அம்புக்குறி கிடைத்தது. ஒருவன் அம்மா பிள்ளை. ஒருவனுக்கு அம்மாவோடு பேச்சே இல்லை. நான் எதையும் கூட்டிச் சொன்னதில்லை, குறைத்துத்தான் சொல்லியிருக்கிறேன். பாதியில் நிறுத்திவிட்டால் மீதியைக் கேட்பவர்களே நிரப்பிக்கொள்வார்கள்.

இப்படியே வருடங்கள் ஓடின. தீபாவுக்கு முப்பது வந்துவிட்டது. மாமியார் செவ்வாய்க்கிழமை தவறாமல் கோயிலில் எலுமிச்சம்பழ விளக்குப் போட்டார். மாமா தறிச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு யாரிடமும் பேசாமல் இருக்கப் பழகிவிட்டார். தீபா ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தன்னிடம் படித்த பெண்கள் கல்யாணப் பத்திரிகையோடு வர ஆரம்பித்ததும், விசேஷங்களுக்குப் போவதை நிறுத்தினாள். அந்த வீட்டுக்குள் நுழைந்தாலே மனசு கனத்துப்போகும். அந்தக் கனத்தையெல்லாம் நான் மலைக்குப் போய்த்தான் ஆற்றிக்கொண்டேன்.

தவ்ஃபீக் ஒருநாள் மலை மேல் சைக்கிளை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தான்.

“டேய், எல்லாப் பையனும் எப்படிடா மலை அடியிலயே பொறக்கிறான்?”

“ஜாதகம் அப்படிடா.”

“அந்தப் பொண்ணு பாவம்டா. ஊட்ல சொல்லிட்டு வாடா, வஹீதா என்ன மலைக்கு உடலயா? மாவு அரச்சிக் குடுத்துட்டு வா, யார் வேணாம்றா?”

அவன் நல்லவன். ஆனால் பெரிய குடும்பத்தில் மூத்த மாப்பிள்ளையாக இருப்பதன் பொறுப்பு அவனுக்குத் தெரியாது.

இனி நெமிலி விஷயத்துக்கு வருகிறேன். என்மேல் எல்லாருக்கும் இருக்கும் கோபம் இதில்தான்.

இந்த வரன் தரகர் மூலம் வந்ததல்ல. திருமணச் செயலியில் தீபாவே பார்த்தது. பையன் பெயர் இளம்பரிதி. நெமிலிக்காரன், வேளாண்மைத் துறையில் வேலை. இரண்டு பேரும் போனில் பேசியிருக்கிறார்கள். மாமா வழக்கம்போல விசாரிக்கச் சொன்னார். நான் கிளம்பும்போது தீபா வாசல்வரை வந்தாள்.

“மாமா, எனக்குப் புடிச்சிருக்குது. நீங்க போய் பாத்துட்டு வந்து நல்ல வார்த்தயா சொல்லுங்க மாமா. நீங்க சொன்னாதான் அப்பா கேப்பாரு.”

இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து போனில் நெமிலியின் வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். ஏரி. வயல். வயலுக்கு அந்தப் பக்கம் இன்னும் வயல். விரலால் எவ்வளவு தள்ளினாலும் ஊரைச் சுற்றி ஒரு மேடு தென்படவில்லை. அதே வாரம் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் நல்ல மழை, பாதையெல்லாம் புதுசாக இருக்கிறது என்று செய்தி வந்தது. ஒரு மனிதன் ஒரே நேரத்தில் இரண்டு ஊரில் இருக்க முடியாது. நான் ஜமுனாமரத்தூர் போனேன்.

திரும்பி வந்து குடியாத்தத்துக் கூடத்தில் உட்கார்ந்தேன். இந்தமுறை பாதியில் நிறுத்தினால் போதாது, தீபா எதிரிலேயே நிற்கிறாள். கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டியிருந்தது.

“பையன் நல்ல பையன்தான். சின்ன வயசுல இன்னாவோ ஒடம்புக்கு இருந்துச்சாம். இப்பல்லாம் இல்லயாம்.”

“இன்னா ஒடம்புக்கு?” என்றார் மாமா.

“இழுப்போ, வலிப்போ… சரியா சொல்ல மாட்டேன்றாங்க. நான் ஒண்ணும் சொல்லல மாமா. நீங்களே முடிவு பண்ணுங்க.”

முடிவு அங்கேயே ஆகிவிட்டது. தீபா உள்ளே போனாள். ஜாதகம் ஒத்துவரவில்லை என்று நெமிலிக்குச் சொல்லி அனுப்பினார்கள். அதோடு முடிந்திருக்கும். ஆனால் மாமியார் தன் அக்காவிடம் மட்டும் உண்மைக் காரணத்தைச் சொல்லியிருக்கிறார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நெமிலியில் இளம்பரிதியின் தங்கை நிறைமதிக்கு நிச்சயதார்த்தம் வரை வந்திருந்த ஓர் இடம், அந்தக் குடும்பத்தில் வலிப்பு இருக்கிறதாமே என்று விலகிப்போனது. இதற்கும் என்னைத்தான் சொல்கிறார்கள். நான் சொன்னது இரண்டு வார்த்தை. அதை அவ்வளவு தூரம் சுமந்துகொண்டுபோனவர்கள் வேறு யாரோ.

ஒரு சாயங்காலம் நான் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது தீபா எங்கள் வீட்டுக்கு வந்தாள். கோபமாகத் தெரியவில்லை. பக்கத்தில் மோடாவைப் போட்டு உட்கார்ந்தாள்.

“மாமா, நெமிலில அவங்க ஊடு எப்படி இருந்துச்சு?”

“நல்ல ஊடுதாம்மா. ஓட்டு ஊடு.”

“எந்தப் பக்கம்?”

“பஸ் ஸ்டாண்ட தாண்டி உள்ள போனா, அந்த மலைக்குப் போற வழி இருக்குதில்ல, அதுல அடிவாரத்துல…”

தீபா மோடாவை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

“நெமிலில மலை ஏது மாமா?”

நான் செயினைத் துடைத்தேன்.

“அவரு தங்கச்சிக்கு வந்த எடம் நின்னுபோச்சுன்னு கேள்விப்பட்டு, நேத்து நான் போய்ட்டு வந்தேன். அவங்க ஊடு மாடி ஊடு. மொட்ட மாடில ஏறி நின்னு பாத்தேன். கண்ணுக்கு எட்ன வரைக்கும் நெல்லுதான்.”

இந்த ஒரு தவறை மட்டும் நான் முழுதாக ஒப்புக்கொள்கிறேன். கவனக்குறைவு. இத்தனை வருடப் பழக்கத்தில், மாப்பிள்ளை என்றாலே பின்னால் ஒரு மலை நிற்பதாக என் மனதில் பதிந்துபோயிருந்தது. வேலையில் இப்படிச் செய்திருந்தால் எனக்கு மெமோ கொடுத்திருப்பார்கள்.

சமையலறையிலிருந்து அமுதா கையில் கரண்டியோடு வந்து நின்றாள்.

“அப்ப அந்த அமிர்தி பையன்?”

“நல்ல பையன்.”

“ஒடுகத்தூரு?”

“தங்கமான பையன்.”

“பீஞ்சமந்த ரோட்டுப் பையன் குடிப்பான்னு சொன்னீங்களே?”

“குடிப்பான்னு நான் எப்பச் சொன்னேன்? அந்தத் தெருவுல சாராயக் கடை இருக்குதுன்னுதான் சொன்னேன்.”

அமுதா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கறி வாங்க வரிசையில் நின்ற ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் மனதில் எண்ணுகிறாள் என்று தெரிந்தது. தீபா அழவில்லை. அழுதிருந்தால் ஆறுதல் சொல்ல எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

“ஞாயித்துக்கெழம நெமிலிக்குப் போறீங்க மாமா,” என்றாள். “சைக்கிள்லயே போங்க. அவங்க அம்மா எதிர்ல நின்னு, சொன்னதெல்லாம் பொய்னு உங்க வாயால சொல்லிட்டு வாங்க. அதுக்கப்புறம் எனக்கு நடக்குதோ நடக்கலயோ, அந்தத் தங்கச்சிப் பொண்ணுக்காவது பேரு சரியாவட்டும்.”

ஆம்பூரிலிருந்து நெமிலிவரை சைக்கிளில் போனவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். வேலூர், ராணிப்பேட்டை, காவேரிப்பாக்கம் ஏரிக்கரை. லாரி, பஸ், எதிர்க்காற்று. ஒரு வளைவு கிடையாது, ஒரு கல் கிடையாது, ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம். மனிதன் செய்த பாவத்துக்கு இந்த ஜென்மத்திலேயே தண்டனை உண்டு என்றால் அது தேசிய நெடுஞ்சாலைதான். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன்.

இளம்பரிதியின் அம்மா எல்லம்மா. யாரோ விருந்தாளி என்று நினைத்துச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். நான் குடியாத்தத்து மூத்த மாப்பிள்ளை என்றதும், கையில் தராமல் தரையில் வைத்தார். நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். இந்த ஊருக்கு நான் இதற்குமுன் வந்ததே இல்லை. உங்கள் பிள்ளையைப் பற்றி ஒருவரிடமும் விசாரிக்கவில்லை. வலிப்பு என்று சொன்னது என் வாயில் பிறந்தது. அவருக்கு மட்டுமல்ல, இதற்கு முன்னால் வந்த பையன்களுக்கும் இதே வேலையைத்தான் செய்தேன்.

“ஏன் தம்பி? எங்க மேல இன்னா கோவம் உங்களுக்கு?”

“கோவமெல்லாம் இல்லம்மா. உங்க ஊர்ல மலை இல்ல.”

அவர் என்னைப் பார்த்தார். சுவரில் சாய்த்து வைத்திருந்த சைக்கிளைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார்.

“இதுக்காவா?”

“ஆமாம்மா.”

உள்கதவருகில் நிறைமதி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சின்னப் பெண். ஏதாவது திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தரையில் இருந்த சொம்பை எடுத்து மடமடவென்று குடித்தேன். நெடுந்தூரம் ஓட்டிய தாகமாக இருக்கும்.

இளம்பரிதி வந்தான். ஆள் வாட்டசாட்டம். அடிப்பான் என்று நினைத்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். அவன் எல்லாவற்றையும் கேட்டு முடித்தான். பிறகு, கோபத்தில் எதையாவது தூக்கிப் போட வேண்டும் என்று தோன்றியதோ என்னவோ, என் சைக்கிளை ஒரு கையால் தூக்கினான். தூக்கியவன் அப்படியே நின்றான்.

“இவ்ளோதான் வெயிட்டா?”

“ஃப்ரேம் அலாய் தம்பி.”

கீழே வைத்தான். கியரைத் தட்டிப் பார்த்தான். ஃபோர்க்கை அமுக்கிப் பார்த்தான். ஏரிக்கரையில் ஒரு சுற்றுப் போய்விட்டு வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லாமலே ஏறிப் போய்விட்டான். எல்லம்மா அவன் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. வந்தபோது முகம் எனக்குப் பழக்கமான முகமாக இருந்தது. கண்ணாடியில் நான் பார்த்திருக்கிறேன்.

வைகாசியில் தீபாவுக்கும் இளம்பரிதிக்கும் கல்யாணம். குடியாத்தத்தில் சிறப்பாக நடந்தது. என்னைப் பந்தியில் பரிமாற விட்டார்கள், உட்கார விடவில்லை. மாமா என்னை மாப்பிள்ளை என்று கூப்பிடாமல் ‘ஆம்பூர்க்காரரு’ என்று கூப்பிட்டார். தவ்ஃபீக்கும் வஹீதாவும் வந்து வாழ்த்திவிட்டு, என் பக்கம் திரும்பாமல் சாப்பிட்டுப் போனார்கள். எனக்கு வருத்தம் இல்லை. யோசித்துப் பார்த்தால், ஒடுகத்தூர்க்காரனை நான் அன்றைக்கே தங்கம் என்று சொல்லியிருந்தால் தீபாவுக்கு இளம்பரிதி கிடைத்திருப்பானா? மணமேடையில் அவள் சிரித்த சிரிப்பில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அதை யாரும் சொல்வதில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

கல்யாணம் முடிந்ததும் எல்லம்மா என்னை எல்லார் முன்னாலும் கூப்பிட்டார்.

“தம்பி, எம் பொண்ணுக்கு வந்த எடத்தக் கெடுத்தது நீங்க. அவளுக்கு ஒரு நல்ல எடமா நீங்கதான் பாத்துக் குடுக்கணும். ஊர் ஊரா சுத்துறவரு தான? நேர்ல போயி, நல்லா விசாரிச்சி.”

பெரியவர் சொல்லைத் தட்ட முடியுமா? சைக்கிளை எடைக்குப் போடப் பழைய இரும்புக்காரரிடம் அமுதா சொல்லிவைத்திருந்தாள். பரிகாரம் என்று வந்தபோது அவளாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. இரும்புக்காரருக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடத் தவறவிடாமல் நிறைமதிக்காக அலைகிறேன். தங்கையின் வாழ்க்கை என்பதால் அண்ணன்காரன் இளம்பரிதியும் கூடவே வருகிறான். அவனும் ஒரு மலைச் சைக்கிள் வாங்கிவிட்டான்; இறக்கத்தில் என்னைவிட வேகம். நாங்கள் மேலே இருக்கும்போது தீபாவிடமிருந்து போன் வரும். மாவு அரைக்க வேண்டும், அத்தையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும், எப்போது வருகிறீர்கள் என்று கேட்பாள். விசாரித்துக்கொண்டிருக்கிறோம் என்று அவன் சொல்வான். பிறகு அவள் என்னிடம் போனைக் கொடுக்கச் சொல்வாள். மலையில் சிக்னல் சரியாக இருக்காது.

போன வாரம் போளூர்ப் பக்கம் ஜவ்வாது மலையடியில் ஒரு பையனைப் பார்த்தோம். அதற்கு முன்னால் ஏற்காட்டு அடிவாரத்தில் ஒருவன். கல்வராயன் மலைப் பக்கமும் ஓர் இடம் இருக்கிறதாம், பாதை பிரமாதம் என்று கேள்வி. பார்த்தவரைக்கும் எல்லாருமே நல்ல பையன்கள்தான். இருந்தாலும் ஒரு பெண்ணின் வாழ்க்கை இல்லையா? ஏற்கெனவே ஒருமுறை அடிபட்ட பெண். நாமும் அவசரப்பட்டு யாருக்கோ கட்டிக் கொடுத்து, நாளைக்கு அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றால், அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.